பிரிஜிட் வரும் இரவு

ஜனவரி 31 இரவு அயர்லாந்தின் கிராமத்து வீடுகள் ஒரு விருந்தாளிக்காகக் காத்திருக்கும். வருகிறவர் புனித பிரிஜிட். 5-ம் நூற்றாண்டில் பிறந்து, கில்டேரில் துறவு மடம் கண்டவர் என்பது மரபு. பிப்ரவரி 1 அவருடைய திருநாள். அந்நாட்டு வழக்கப்படி வசந்தம் பிறப்பதும் அன்றுதான். ஆடு மாடுகளுக்கு மடி கனக்கும் பருவம். பாலுக்கும் வெண்ணெய்க்கும் காவல் பிரிஜிட் என்பதால், இந்த விழா கோயிலைவிட அடுப்படிக்கும் தொழுவத்துக்குமே அதிகம் சொந்தம் என்பேன்.

அன்றிரவு வீட்டுப் பெண் ஒருத்தி, கோரை போன்ற புற்கட்டுடன் வெளியே நின்று பிரிஜிட்டின் பெயரால் கதவைத் திறக்கச் சொல்வாள். உள்ளே இருப்பவர்கள் முழந்தாளிட்டு வரவேற்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் புல்லில் சிலுவை பின்னுவார்கள். புல்லை அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். எனக்குப் பின்னக் கற்றுத்தந்த மூதாட்டி ஒரு புல்லை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன்மேல் கோத்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் கால் சுற்றுத் திருப்பத் திருப்ப நடுவில் சதுரம் விரிந்தது. நான்கு நுனிகளையும் கட்டினால் சிலுவை தயார். தீயும் நோயும் அண்டாதிருக்க அதை வாசலுக்கு மேலோ கூரையிலோ செருகுவார்கள். பழையதை எடுக்காமல், ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போன வீடுகளும் உண்டு.

என் மனத்தில் ஆழப் பதிந்தது பிரிஜிட்டின் துணி. ஒரு துணியை இரவில் வெளியே புதர்மீது போட்டுவைப்பார்கள். ஊர் சுற்றி வரும் பிரிஜிட் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார். தலைவலி என்றால் அதைத்தான் கட்டிக்கொள்வார்கள். பிள்ளை பெறும் தாய்க்கும் அதுதான், கன்று ஈனத் தவிக்கும் பசுவுக்கும் அதுதான். இரண்டு வலியையும் ஒன்றாகக் கண்ட மக்கள் அவர்கள்.

கெர்ரி பகுதியில் வைக்கோல் தொப்பியால் முகம் மறைத்த இளைஞர்கள் பாட்டும் ஆட்டமுமாக வீடுவீடாக வருவார்கள். சக்கரம் சுழலும் வேலை அன்று ஆகாது என்று ராட்டைக்கும் வண்டிக்கும் ஓய்வு கொடுத்த ஊர்களும் இருந்தன. இவ்வழக்கங்கள் பற்றி அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1942-ல் கேள்விப் பட்டியல் அனுப்பி, ஊர் ஊராகப் பதில்களைத் திரட்டியது. அந்தப் பணிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

2023 முதல் பிரிஜிட் பெயரில் அரசு விடுமுறை உண்டு. பெண்ணொருவர் பெயரில் அந்நாடு அறிவித்த முதல் பொது விடுமுறை அது. பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே இருக்க நேர்ந்தால், தெரிந்த பெரியவர் யாரிடமாவது கேட்டு உங்கள் கையால் ஒரு சிலுவை பின்னிப் பாருங்கள்.