ஆறாம் நிலையில் நிற்கும் பிசியோ

பக்கவாதம் வந்து படுத்தவரை எழுப்பிக் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, பார்ப்பவருக்குச் சாதாரண வேலை. அவசரப்பட்டு விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். முதுகைத் தாங்கி, வலுவிழந்த முழங்காலைத் தன் முழங்காலால் அணைத்து, "மூச்சைப் பிடிக்காதீங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே எழுப்ப வேண்டும். இதையெல்லாம் கற்கத்தான் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுப் படிப்பும் அதன்மேல் இன்டர்ன்ஷிப்பும். கற்று வந்தவருக்கு வேலை எங்கே?

மருத்துவப் பிரிவுப் பணிகளுக்கு ரயில்வே 2024-ல் வெளியிட்ட அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதற்கும் 1,376 இடங்கள். நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் 713 (பழைய ஸ்டாஃப் நர்ஸுக்குத்தான் இப்போது இந்தப் பெயர்), பிசியோதெரபிஸ்ட் 20. அந்த இருபதுக்கும் புதியவர் விண்ணப்பிக்க முடியாது. நூறு படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டுமாம். அதனால் அவர் யாரோ ஒரு சீனியரின் கிளினிக்கில், வெளியே சொல்லக் கூசும் சம்பளத்துக்குக் 'கரண்ட் வைக்க'ச் சேர்கிறார். மாலையில் ஹோம் விசிட். எத்தனை வருடம் அங்கே உழைத்தாலும் நூறு படுக்கைக் கணக்கில் அது சேராது!

சம்பளத்துக்கு வருவோம். அதே அறிவிப்பில் நர்சிங் பணி, மத்திய அரசின் ஊதிய அட்டவணையில் ஏழாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். மூன்றாண்டு டிப்ளமோ முடித்திருந்தால் போதும். பிசியோ ஆறாம் நிலை, 35,400. செவிலியருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்பதல்ல வழக்கு. அவர்கள் படும் பாட்டுக்கு அதுவும் குறைவுதான். பட்டமும் கேட்டு, அனுபவமும் கேட்டு, ஒரு படி கீழே நிறுத்துவது என்ன நியாயம்? துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பிசியோதெரபியைத் தனித் தொழிலாகவே பட்டியலிட்டிருக்கிறது. அந்தச் சேதி சம்பளப் பட்டியலுக்கு இன்னும் எட்டவில்லை.

தேவை இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோவை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகிறது. ஆனால் அதுவும் ஒப்பந்த வேலைதான்.

மத்திய அரசு எட்டாவது ஊதியக் குழுவை அமைத்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டுகளின் சங்கங்கள் ஏழாம் நிலை கேட்டு அதனிடம் மனு கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. அனுபவம் கேட்காத தொடக்கநிலைப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி ரயில்வேயையும் மாநில அரசையும் நெருக்க வேண்டும்.