கரிசல் வெயிலில் கோழிக்குக் குளிர்ந்த ஜலம்

வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும், மே மாதத்துக் கத்திரி வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில், சீமைக்கருவேல நிழலில் ஒதுங்கிய நாட்டுக்கோழிகள் அலகைத் திறந்து, சிறகை உடலோடு ஒட்டாமல் அகற்றிப் பிடித்து, தொண்டை துடிக்க இரைத்துக்கொண்டு நிற்பதை எவரும் காணலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் சரீர உஷ்ணமோ இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கொண்டையும் தாடியும் ஓரளவு உஷ்ணத்தை வெளியேற்றுமாயினும், காற்றின் வெப்பம் உடம்பின் வெப்பத்தை நெருங்க நெருங்க, மூச்சின் வழியே ஈரத்தை ஆவியாக்குவதைத் தவிர அந்தப் பிராணிக்கு வேறு மார்க்கம் கிடையாது. ஓயாமல் இரைப்பதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடி, முட்டையின் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரிவரச் சேராமல் போகிறது. கோடையில் மெல்லிய ஓட்டு முட்டையும் தோல்முட்டையும் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இழந்த ஈரத்தை ஈடுசெய்ய ஜலம் வேண்டும். இப்பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் ஜலமோ கடினமானது. சோப்பு நுரைக்காது, பருப்பு எளிதில் வேகாது. ஆகவே கோழி சோர்ந்தால் பழியைக் கிணற்றின்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயம் வேறு. கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் சாதாரண அளவில் கோழிக்குத் தீங்கு செய்வதில்லை. உப்பு மிகுந்து நாக்கில் கரிக்கும் ஜலமே எச்சத்தை நீர்க்கச் செய்யும், அதை விலக்க வேண்டும். மற்றபடி, கோடையில் கோழியை வீழ்த்துவது ஜலத்தின் கடினத்தைவிட அதன் சூடேயாகும். வெயிலில் வைத்த பிளாஸ்டிக் தட்டில் ஜலம் காய்ந்து சுடும்போது, தாகத்தோடு வந்த கோழியும் இரண்டு வாய்க்குமேல் குடியாமல் திரும்பிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் மண்சட்டி. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலை ஊன்றியபோது, குச்சியும் மருந்தும் விரைவில் உலர்வதற்குத் துணைநின்ற அதே வறண்ட காற்றுதான், சட்டியின் மேற்புறத்தில் கசியும் ஈரத்தை ஆவியாக்கி உள்ளிருக்கும் ஜலத்தைக் குளிரவைக்கிறது. கடினஜலம் தன் குணத்தைக் காட்டுவது இங்கேதான்: ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, அதிலிருந்த சுண்ணாம்பு சட்டியின் நுண்துளைகளில் தங்கி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் அவற்றை அடைத்துவிடுகிறது. பிறகு சட்டி வெறும் பாத்திரம்தான், குளிர்ச்சி தராது. வாரம் ஒருமுறை கெட்டியான புளிக்கரைசலைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் புளிப்பு அந்தப் படிவத்தைக் கரைக்கும். மிச்ச ஜலத்தின்மேலேயே புது ஜலம் ஊற்றிக்கொண்டு வந்தால் உப்பு நாளுக்கு நாள் செறியுமாதலால், தினமும் பழையதைக் கொட்டிவிட வேண்டும்.

அந்தக் கிணற்று ஜலத்தைக் கூரையிலும் தரையிலும் தாராளமாகத் தெளிக்கலாம். தகரக் கூரையாயின் மேலே பனையோலையோ ஈரச் சாக்கோ பரப்புவது நலம். புகைபோல் நீர் தூவும் கருவிகளின் கண்கள் சுண்ணாம்பினால் விரைவில் அடைபடுவதால், அவற்றில் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தீவனம் செரிக்கும்போது உடம்பில் உஷ்ணம் பிறப்பதனால் உச்சிவேளையில் இரை போடாமல், விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் போடுவது உத்தமம். பகலில் சாத்தூர் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டால் கோழிகள் ஆவலோடு கொத்தும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்தோடு பிணைந்து வீரியம் குன்றுவதால், மருந்து கலக்க மட்டும் சேமித்த மழைநீரை ஒதுக்கி வைத்துக்கொள்வது விவேகம்.

தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் காலையில் போய் மாலையில் திரும்பும் தாய்மார்களின் வீடுகளில், நடுப்பகலில் ஜலம் மாற்றிவைக்க ஆளிருப்பதில்லை. அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: புறப்படுமுன், வெயில் திரும்பினாலும் நிழல் அகலாத இடமாகப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டாக மண்சட்டிகளை நிறைத்து, சுற்றி ஈரச் சாக்கைக் கட்டிவிட்டுச் செல்லுங்கள்.