பொய் சொல்லும் பெட்டி

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெப்பத்தைக் காட்டும் கருவி 50 டிகிரி குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? அங்கு வேலை செய்யும் எவரும் தயங்காமல் விடை சொல்வார். வெப்பம் போதவில்லை என்று தீயைக் கூட்டுவோம், சரக்கு வளைந்துபோகும், கருவி மட்டும் எல்லாம் சரியென்றே காட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த லாரி உரிமையாளர் ஒருவர் இத்தகைய கருவியொன்றைக் காசு கொடுத்து வாங்கித் தம் வண்டியில் பொருத்திக்கொண்டார். விற்றவர் அதற்குச் சொன்ன பெயர் 'பவர் சிப்'. ஏற்றத்தில் இழுவை கூடும், டீசலும் மிச்சமாகும் என்பது வாக்குறுதி. இழுவை கூடியது உண்மை. சில வாரங்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரை இணைத்தபோது வந்த குறியீடு எஸ்.பி.என். 157, எஃப்.எம்.ஐ. 1. எரிபொருள் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். டீசல் வடிகட்டியை மாற்றினார்கள். பிறகு உயர் அழுத்த பம்பையும் மாற்றினார்கள். விளக்கு அணையவில்லை. கடனில் ஓடும் ஒற்றை லாரிக்காரருக்கு அது பெருஞ்செலவு.

பழுது பம்பில் இல்லை. இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் ஒரு பொதுக்குழாயில் 1,600 பார், 2,000 பார் என்னும் அளவுக்கு அழுத்தப்பட்டுத் தெளிக்கப்படுகிறது. லாரி டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 பார்தான் என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். அந்தக் குழாயிலுள்ள உணரி, அழுத்தத்தைச் சிறு மின்னழுத்தமாக மாற்றி எஞ்சின் கணினிக்கு அனுப்புகிறது. மலிவான சிப் பெட்டி இவ்விரண்டுக்கும் நடுவில் அமர்ந்துகொள்கிறது. உண்மையில் 1,600 பார் இருந்தால், 1,450 என்று கணினியிடம் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது, டீசல் கூடுதலாகப் பாய்கிறது, இழுவை கூடுகிறது. முழுப் பாரத்தில் பம்ப் தன் எல்லையைத் தொட்ட பிறகும் பெட்டி குறைவாகவே சொல்வதால், 'அழுத்தம் போதவில்லை' என்று கணினி பதிவு செய்கிறது. அழுத்தம் மிகுந்து தவிக்கும் எஞ்சினுக்கு, அழுத்தம் குறைந்ததாக ஒரு குற்றப்பத்திரிகை!

குறியீட்டை நாம் படிக்கும் முறையிலேயே தவறு இருக்கிறது. எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. கணினி எதைக் கண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. கனரக வாகனங்களில் எஸ்.பி.என். என்பது எந்த அளவீடு என்பதைக் குறிக்கும். 157 எரிபொருள் குழாய் அழுத்தம். 102 டர்போ காற்றழுத்தம். 110 குளிர்விக்கும் நீரின் வெப்பம். எஃப்.எம்.ஐ. என்பது குறையின் தன்மை. 0 என்றால் அளவு மிக அதிகம், 1 என்றால் மிகக் குறைவு. சிறிய வண்டிகளில் இதே செய்தி பி 0087 என்று வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் உள்ள வண்டியில் இது நேர்மையான சாட்சியம். நடுவில் ஒரு பெட்டி அமர்ந்துவிட்டால் சாட்சியே கெட்டுவிடுகிறது. ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்பது, காய்ச்சல்காரரின் வெப்பமானியை உதறிவைப்பதற்கு ஒப்பானது.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.-6 விதிகளின்படி, டீசல் லாரியின் புகைக்குழாயில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் உட்பகுதி பெரும்பாலும் கார்டியரைட் போன்ற பீங்கான்தான். களிமண், டால்க், அலுமினா கலந்து சுட்டது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. கூடுதல் டீசல் கூடுதல் கரியாகிறது. அடைந்த கரி ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் அந்தப் பீங்கான் வெடிக்கும், சில நேரம் உருகும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால், லாரிக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொதுவான குறியீடுகள் ஊரறிந்தவை. தயாரிப்பாளர்கள் தமக்கென வைத்துக்கொள்ளும் குறியீடுகளின் விளக்கத்தைப் பெறுவது சிறு பட்டறைகளுக்கு எளிதல்ல. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தபோது, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அந்த உரிமையின் முதல் படியாக, ஒவ்வொரு லாரியின் கையேட்டிலும் குறியீடுகளின் பட்டியல் தமிழில் இடம்பெற வேண்டும். விற்பனை நிலையங்கள் பழுதுப் பதிவின் அச்சுப்படியை உரிமையாளரிடம் தர வேண்டும்.

என் நண்பரின் வண்டியில் கடைசியாக ஓர் இளம் மெக்கானிக் அந்தப் பெட்டியைக் கழற்றி, உணரியின் வயரை நேராகக் கணினியோடு இணைத்தார். அதன்பின் எஸ்.பி.என். 157 வரவில்லை. கழற்றிய பழைய பம்ப் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லையாம்.