விரல் அசைந்தால் உயிர் இருக்கிறதா?

ராத்திரி எட்டரை மணி. சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். சீரியலில் மூத்த மகனுக்கு ஆக்ஸிடென்ட். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மூளைச்சாவு... இனி எங்க கையில எதுவும் இல்லம்மா" என்கிறார். அம்மா கோயிலுக்கு ஓடுகிறாள். மணி அடிக்கிறது. இங்கே ஐ.சி.யூ.வில் பையனின் விரல் லேசாக அசைகிறது! 'தொடரும்' போட்டுவிடுவார்கள். நாளைக்கு அவன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பான்.

எந்த சீரியல் என்று கேட்காதீர்கள். உங்களுக்கே நாலைந்து ஞாபகம் வரும்.

கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. மூளைச்சாவைப் பற்றி நம்மில் பலருக்குப் பாடம் எடுத்த வாத்தியார் டி.வி.யும் சினிமாவும்தான். ஒருநாள் நிஜமாகவே ஐ.சி.யூ. வாசலில் நிற்க நேர்ந்து, "உறுப்பு தானம் செய்ய விருப்பமா?" என்று கேட்கும்போது, கண் முன்னால் வருவது அந்த விரல்தான். "எம் புள்ள பிழைச்சுக்குவான் டாக்டர்!"

கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளைத்தண்டுக்கு உயிர் இருக்கிறது. அதனால்தான் சிலர் மீண்டு வருகிறார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டும் செத்துவிட்டது. அதற்குப் பிறகு திரும்பி வருதல் என்பதே கிடையாது.

'அப்புறம் ஏன் நெஞ்சு ஏறி இறங்குது? உடம்பு சுடுதே?' என்று கேட்பீர்கள். மூச்சு விடுவது வென்டிலேட்டர். இதயத்துக்குத் தானே துடிக்கும் சக்தி உண்டு. ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை கொஞ்ச காலம் துடிக்கும். விரல்? இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். மூளைச்சாவுக்குப் பிறகும் சிலருக்குக் கைகால் லேசாக அசையலாம். அந்த உத்தரவு முதுகுத்தண்டிலிருந்து வருகிறது, மூளையிலிருந்து அல்ல. பெற்ற வயிறு இதை எப்படி நம்பும், சொல்லுங்கள்?

அதனால்தான் சட்டம் இத்தனை கறாராக இருக்கிறது. 1994-ம் வருடச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்குகிறதா, காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரை நிறுத்தினால் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா... எல்லாம் பார்க்கிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் இதில் சேரக்கூடாது. எந்த சீரியலிலாவது இந்த இரண்டாவது டெஸ்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

'கிட்னியைத் திருடிடுவாங்க' என்ற பயம் சும்மா வந்ததல்ல. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒருகாலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர். ஆனால் அது உயிரோடு இருந்த ஏழைகளிடம் காசு கொடுத்து நடந்த வியாபாரம். சினிமா இரண்டையும் ஒரே குழம்பாக்கிவிட்டது.

படித்தவர்கள் நாடு, அங்கெல்லாம் இப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். 1980 அக்டோபரில் இங்கிலாந்தில் பி.பி.சி., 'தானம் கொடுப்பவர்கள் நிஜமாகவே இறந்துவிட்டார்களா?' என்று ஒரு நிகழ்ச்சி போட்டது. பிழைத்து வந்த அமெரிக்க நோயாளிகளைக் காட்டினார்கள். அவர்கள் யாருக்கும் பிரிட்டிஷ் முறைப்படி மூளைச்சாவு உறுதி செய்யப்படவே இல்லை என்று டாக்டர்கள் கத்தினார்கள். யார் காதில் விழும்? கிட்னி தானம் சரிந்தது.

அதே டி.வி. நல்லதும் செய்தது. 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயம், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனது. டாக்டர்களான பெற்றோரே முன்வந்து கொடுத்தார்கள். சேனல்களில் அதைப் பார்த்த பிறகுதான் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் சம்மதிக்கத் தொடங்கின. அந்தச் சம்பவமே பிறகு 'சென்னையில் ஒரு நாள்' என்று சினிமாவாகவும் வந்தது.

ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பர்ஸில் டோனர் கார்டு இருந்தாலும், ஆஸ்பத்திரியில் கேட்பது வீட்டுக்காரர்களிடம்தான். அவர்கள் சரியென்றால்தான் நடக்கும். உங்கள் விருப்பம் உங்கள் மனைவிக்கோ, கணவருக்கோ தெரியுமா? இன்று ராத்திரி விளம்பர இடைவேளை வரும்போது சொல்லிவிடுங்களேன்.