கையடக்க இசைக்கருவிகளில் மின்கலக் கோளாறுகள்

பள்ளிகளில் பாடல்களையும் உரைகளையும் மாணவர்க்கு ஒலித்துக் காட்டவும், சிற்றூர்க் கூட்டங்களில் மக்களுக்குச் செய்திகளைக் கேட்பிக்கவும் கையடக்க இசைக்கருவிகள் பெரிதும் துணைபுரிகின்றன. கூட்டம் கூடி, இரண்டு பாடல்கள் முடிவதற்குள் கருவி ஓய்ந்துவிடுமாயின், ‘பாட்டரி போய்விட்டது’ என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். பல வேளைகளில் அத்தீர்ப்புத் தவறாகிறது. அதனினும் தீங்கானது, உண்மையிலேயே கெட்டுவிட்ட மின்கலத்தை நல்லதெனக் கருதி மீண்டும் மீண்டும் மின்னேற்றுவதாகும். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டுவனவற்றை இங்குக் கூறுவோம்.

பாட்டரி என்னும் சொல் முதலில் பல கலங்களின் அடுக்கையே குறித்தது. இன்று ஒற்றைக் கலத்தையும் அவ்வாறே அழைக்கின்றனர். வழக்கை மாற்ற இயலாதாதலின் ‘மின்கலம்’ என்பதையே இரண்டிற்கும் பொதுவாக ஆள்கிறோம். 1979-இல் வெளிவந்த சோனி வாக்மேன் இரண்டு சிறு உலர்கலங்களால் இயங்கியது. கடைகளில் பாட்டரிக் கட்டை என வழங்குவது இவ்வுலர்கலமே. 1991-இல் லித்தியம் அயனிக் கலம் விற்பனைக்கு வந்த பின்னர், கருவிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தி மின்னேற்றிக்கொள்ளும் முறை பரவிற்று. இக்கலத்தை உருவாக்கியமைக்காகக் குட்டினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

மின்கலத்தைச் சோதிப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. கருவியிலிருந்து கலத்தை வெளியே எடுத்து, மல்டிமீட்டரால் அளந்து, முள் 1.4 வோல்ட்டு காட்டியதும் கலம் நன்றாக இருக்கிறதென்று முடிவு செய்துவிடுகின்றனர். சும்மா இருக்கும் கலம் தன் குறையை வெளிக்காட்டுவதில்லை. ஒவ்வொரு கலத்திற்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. கலம் மூப்படையுந்தோறும் அத்தடை வளர்கிறது. மின்னோட்டம் பாயும்போதுதான் அத்தடை அழுத்தத்தின் ஒரு பகுதியை விழுங்குகிறது. எடுத்துக்காட்டாக, 3.8 வோல்ட்டு காட்டும் ஒரு பழைய லித்தியம் கலத்தின் அகத்தடை 1 ஓம் எனக் கொள்வோம். ஒலிபெருக்கி உரத்து முழங்கி 0.8 ஆம்பியர் இழுக்குமாயின், உள்ளேயே 0.8 வோல்ட்டு கழிந்து, கருவிக்குக் கிட்டுவது 3.0 வோல்ட்டே. பல கருவிகள் அந்த அளவில் தாமே நின்றுவிடும். அதே கலத்தில் ஹெட்போன் மட்டும் 0.05 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.05 வோல்ட்டுதான், பாட்டு இடையறாது ஒலிக்கும்.

ஆதலின் உலர்கலத்தைக் கருவிக்குள் வைத்து, பாட்டு உரத்து ஒலிக்கும்போதே அதன் இரு முனைகளிலும் அளக்கவேண்டும். புதிய கலம் 1.5 வோல்ட்டு அளவில் நிற்கும். 1 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குவதை மாற்றிவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளத்தல் நன்று, ஏனெனில் ஒரு கலம் தளர்ந்தாலும் அடுக்கு முழுவதும் தளர்ந்ததாகவே தோன்றும். புதியதையும் பழையதையும் கலந்து போடுவது சிக்கனமன்று; நலிந்த கலத்தின் வழியே மற்றவை மின்னோட்டத்தை வலிந்து செலுத்த, அது கசியத் தொடங்கும்.

மூடிய கருவிகளில் அளவுக்கு இடமில்லை. அங்கு ஹெட்போனே சோதனைக் கருவியாகும். ஒலிபெருக்கியில் உரக்க வைத்தால் நின்றுவிடும் கருவி, ஹெட்போனில் நெடுநேரம் பாடுமாயின் அகத்தடை மிகுந்துவிட்டதென அறியலாம். இரண்டிலும் விரைவில் நின்றால், கலத்தின் கொள்ளளவு குறைந்திருக்கலாம். அன்றி, மின்னேற்றமே நிறைவுறாதிருக்கலாம். கலத்தைப் பழிக்குமுன் வேறொரு சார்ஜரையும் வேறொரு இணைப்புக் கம்பியையும் கொண்டு சோதிக்க. இணைப்புத் துளையில் படிந்த பஞ்சையும் தூசியையும் உலர்ந்த மரக்குச்சியால் நீக்குக. உலோக ஊசி கூடாது.

குளிர்ப் பகுதிகளில் பணிபுரிவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். லடாக்கு போன்ற இடங்களில் குளிரால் அகத்தடை உயர்வதால் நல்ல கலமும் நின்றுபோகும். கருவியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேறச் செய்தால் மீளும். ஆனால் உறைநிலைக்குக் கீழ் லித்தியம் கலத்தை மின்னேற்றலாகாது. உட்புறத்தில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுத்துவிடும். 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் அவ்வாறே ஆகாது. வெயிலில் நிறுத்திய ஜீப்பினுள் மின்னேற்றும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும்.

கோடை விடுமுறை முழுதும் அலமாரியில் கிடந்த கருவி, திறக்கும் நாளில் உயிரற்றதுபோல் தோன்றலாம். அழுத்தம் மிகத் தாழ்ந்ததும் காப்புச் சுற்று கலத்தைத் துண்டித்துவிடுவதே இதற்குக் காரணம். அரைமணி நேரம் சார்ஜரில் வைத்துக் காத்திருந்து பார்க்க. பாதியளவு மின்னேற்றி வைத்துவிட்டுச் சென்றால் இத்தொல்லை நேராது. உலர்கலங்களையோ விடுமுறைக்குமுன் வெளியே எடுத்துவிடவேண்டும். நம் நாட்டில் மிகுதியாக விற்கும் துத்தநாக–கரிக் கலத்தில் துத்தநாகக் கூடே எரிபொருளுமாதலின், அது கரைந்து ஓட்டையாகிக் கசியும். அக்கசிவு அமிலத்தன்மையுடையது, சமையல் சோடாக் கரைசலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம். ஆல்கலைன் கலத்தின் கசிவு காரமாதலின், அதற்குச் சிறிது எலுமிச்சைச் சாறு வேண்டும். இரண்டும் கண்ணில் படலாகாது.

இறுதியாக, மிக முதன்மையானது: கருவியின் பின்மூடி புடைத்திருந்தாலோ, திரை மேலெழும்பியிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டா. உள்ளே வளி திரண்டுள்ளது, அது தீப்பற்றக்கூடியது. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற முதல் ஐப்பாடு நானோக் கருவிகளில் சில அளவின்றிச் சூடேறக்கூடும் எனக் கண்டு, ஆப்பிள் நிறுவனம் 2011 நவம்பரில் அவற்றை மாற்றித் தர முன்வந்தது. உப்பிய கலத்தை அழுத்தவும், குத்தவும், மின்னேற்றவும் கூடாது. மாணவர் கைக்கு எட்டாதவாறு, உலர்மணல் இட்ட தகர டப்பாவில் வைத்து, கட்டடத்திற்கு வெளியே நிழலில் வைக்கவும். பின்னர்ப் பழைய மின்கலம் பெறும் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்துவோர் மின்கலங்களைப் பிற குப்பையோடு சேர்க்காது தனியே ஒப்படைத்தல் கடமையாகும்.