கணையத்தைத் தொடும் புகை

காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தில் 'புகைப்பழக்கம் உண்டா?' என்னும் கேள்வியைக் கண்டதும் நம் நினைவுக்கு வருபவை நுரையீரலும் இதயமும்தாம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கும் கணையத்தை அவ்வேளையில் நினைப்பவர் அரியர்.

சுமார் 15 சென்டிமீட்டர் நீளமே உடைய இவ்வுறுப்பு, நாள்தோறும் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. சோற்றின் மாவுச்சத்தை அமைலேஸும், பருப்பின் புரதத்தை டிரிப்சினும், நெய்யின் கொழுப்பை லைபேஸும் பகுக்கின்றன. இன்சுலினைத் தருவதும் கணையமே என்பதால் அதனைச் சர்க்கரை நோயோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். உணவைச் செரிக்கச் செய்யும் அதன் பெரும்பணியை மறந்துவிடுகிறோம்.

இந்நொதிகளோடு பைகார்பனேட் என்னும் காரப்பொருளும் சுரக்கிறது. இரைப்பையிலிருந்து இறங்கும் உணவுக்கூழ் கடும் அமிலத்தன்மை கொண்டது. அதனைப் பைகார்பனேட் தணிக்காவிடில் லைபேஸ் செயலற்றுப் போகும். புகையின் தாக்குதல் தொடங்குவது இவ்விடத்தில்தான். செக்ரெடின் என்னும் ஹார்மோனைச் செலுத்திக் கணையநீரை அளந்தறியும் சோதனைகளில், புகைபிடிப்போருக்குப் பைகார்பனேட் குறைவாகச் சுரப்பது தெரியவந்துள்ளது. காரநீரின் ஓட்டம் குறையுங்கால் கணையக் குழாய்களில் சுரப்பு தடித்துப் புரதம் படிகிறது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகிறது. நாட்பட்ட கணைய அழற்சி வளரும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இந்நோய்க்கு மதுவே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. குடிப்பவருள் பலர் புகைப்பவராகவும் இருந்தமையால், புகையின் குற்றமும் மதுவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. இரண்டையும் பிரித்து ஆராய்ந்தபோது, புகை தனித்தும் கேடு செய்வதும், அளவு கூடக்கூடக் கேடு மிகுவதும் புலனாயின. (மதுவும் புகையும் அறியாத இளம் வயதினரைத் தாக்கும் கணைய அழற்சி ஒன்று கேரளத்தில் நெடுநாளாக அறியப்பட்டுள்ளது, எனவே கணைய நோயுற்றோர் அனைவரையும் பழக்கத்தைச் சொல்லிக் குறைகூறுவது முறையன்று.) 2016-17 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் 10.7 விழுக்காட்டினர் புகைபிடிப்போர். அவருள் சிகரெட்டினும் பீடியை நாடுவோரே மிகுதி. பீடி இலையில் சுற்றப்பட்டது, ஆதலால் தீங்கு குறைவு என்னும் பேச்சுக்கு அடிப்படை ஏதுமில்லை.

வங்கிக் கணக்கில் இருப்பு குறைந்தால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கணையம் அவ்வாறு அறிவிப்பதில்லை. அதன் நொதிச் சுரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பின்னரே கொழுப்புச் செரிமானம் வெளிப்படக் குலைகிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும். எளிதில் நீரில் அடித்துச் செல்லாது. நன்றாக உண்டும் உடல் மெலியும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணே கழியும். மேல்வயிற்றில் எழும் வலி முதுகுக்குப் பரவுவதும் உண்டு. இவற்றை 'வாயுத் தொல்லை' எனக் கொண்டு, மருந்துக்கடையில் அமிலநீக்கி மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுவோர் உளர்.

மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் நொதியின் அளவைக் கண்டு குறைபாட்டை அறியலாம். அதன்பின் ஒவ்வொரு வேளை உணவோடும் நொதி மாத்திரை உட்கொள்ள நேரும். உணவோடு சேர்த்துக் கொண்டால்தான் பயன் தரும். இம்மருந்து பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவது என்பதைச் சைவ உணவினரும் சமயக் கட்டுப்பாடு உடையோரும் மருத்துவரிடம் முன்னரே பேசித் தெளிவது நன்று.

அழிந்த திசு மீண்டும் தளிர்ப்பதில்லை. எனினும் நோய் கண்ட பின்னர்ப் புகையை விட்டோருக்குங்கூட, கணையத்தில் கல் படியும் அபாயம் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பழக்கத்தைத் தனியே விட இயலாதோர் 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவரைக் காணும்போது நாளொன்றுக்கு எத்தனை சிகரெட், எத்தனை பீடி, எத்தனை ஆண்டுகளாக என்பதை, அவர் கேளாவிடினும், நாமே சொல்லிவிட வேண்டும்.