எர்த் இல்லாமல் எரியும் ஆர்க்

காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் உருவான 'விக்ரம்' ரோந்துக் கப்பல் 2018இல் கடலோரக் காவல்படையில் சேர்ந்தது. அந்தப் பக்கத்து டீக்கடையில் எந்த வெல்டரைக் கேட்டாலும் சொல்வார்: எர்த் கிளாம்ப் கழன்றால் ராடில் ஆர்க் பற்றாது. போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். சரிதான். ஆனால், எந்த ஒயரும் இணைக்காத தகட்டில்கூட ஆர்க் நின்று எரியும், அந்தத் தகடு பிளாஸ்மாவுக்குள் இருந்தால். 1959இல் ராப்சன், தோனமன் என்ற இருவர் இதை ஆய்வில் காட்டினார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

எலக்ட்ரான் கழன்ற வாயுதான் பிளாஸ்மா; ராடு நுனியில் கண்ணைக் கூசவைப்பதும் அதுவே. அதில் எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வெகு வேகம். உள்ளே ஒரு தகட்டை வைத்தால் அவைதான் முந்தி வந்து ஒட்டும். தகடு மைனஸ் ஆகும். எலக்ட்ரான்களின் சூட்டை வோல்ட் கணக்கில் சொல்வது வழக்கம். ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் தகட்டுக்கு முன் நிற்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய அதைப் போல 3 மடங்கு. சூடு 10 என்றால் இங்கே 30 வோல்ட். வெல்டிங் ஆர்க்கே 20, 30 வோல்ட்டில்தானே நிற்கிறது!

இப்போது தகட்டில் ஒரு கூர்முனையோ தூசு படிந்த இடமோ சூடேறி, உருகி, எலக்ட்ரான்களைக் கக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். தகட்டின் மைனஸ் குறையும். குறைந்ததும் சுற்றியுள்ள பரப்பெங்கும் பிளாஸ்மா எலக்ட்ரான்கள் கூடுதலாக வந்து விழும். உலோகத்துக்குள் ஓடி அதே புள்ளிக்குப் போய்ச் சேரும். சுற்று முடிந்தது. தகடே தனக்கு எர்த்.

அணையாமல் நிற்க வோல்ட் மட்டும் போதாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். புள்ளி உயிரோடிருக்கச் சில ஆம்பியராவது வேண்டும். அதை வசூலித்துத் தர பிளாஸ்மா அடர்த்தியாக இருக்க வேண்டும், தகடும் அகலமாக இருக்க வேண்டும். சின்னத் தகடு, நீர்த்த பிளாஸ்மா என்றால் பொறி வந்த வேகத்தில் போய்விடும்.

இப்படி ஒயரே இல்லாமல் பற்றும் ஆர்க், அணு இணைவு உலைக்காரர்களுக்குக் கவலை. பிரான்சில் எழும்பும் ஐடர் உலையின் பிரம்மாண்ட வெளிக்கலத்தைச் செய்ததும் காட்டுப்பள்ளித் தளத்தை நடத்தும் எல் அண்ட் டிதான், குஜராத் ஹசிராவில். உள்ளே பிளாஸ்மாவின் சூட்டை வாங்கும் தளத்தில் டங்ஸ்டன். ஹீலியம் பட்டுப் பட்டு டங்ஸ்டன் மேல் மெல்லிய பஞ்சு போல இழை வளரும்; அதில் ஆர்க் சுலபமாகப் பற்றிக்கொள்வதை 2009இல் ஜப்பானியர்கள் கண்டார்கள். ஆர்க் அரித்தெடுத்த டங்ஸ்டன் பிளாஸ்மாவுக்குள் போனால் அதன் சூட்டை ஒளியாக வீணடிக்கும்.

இன்னொரு வேடிக்கை: காந்தப்புலத்தில் ஆர்க் எரியும் புள்ளி, கரண்ட் ஓடும் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படுமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடும். ஏன் என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.